கவனிப்பாரற்ற மின்னஞ்சல் பெட்டி: பிரிட்டன் தொழிற்கட்சியில் யூத வெறுப்புப் புகார்கள், 2015–2023

2020 அக்டோபர் 29 அன்று பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் 130 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. தொழிற்கட்சி சமத்துவச் சட்டத்தை மீறிவிட்டது என்பது அதன் முடிவு. அந்தச் சட்டத்தை 2010இல் நிறைவேற்றியது தொழிற்கட்சி அரசு. ஆணையத்தை உருவாக்கியதும் அதே கட்சியின் அரசுதான். அதற்கு முன்னால் இந்த ஆணையத்தின் நடவடிக்கைக்கு உள்ளான கட்சி, தீவிர வலதுசாரியான பிரிட்டிஷ் தேசியக் கட்சி. அந்த வரிசையில் தொழிற்கட்சி போய் நின்றது எப்படி என்பதைத்தான் இங்கே தொடக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் பொது வாழ்வில் இருப்பவர்கள், பெயர்கள் ஊரறிந்தவை. ஆனாலும், விசாரணை அறிக்கை எழுதிய இரண்டு வழக்கறிஞர்களைத் தவிர, மற்றவர்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். பெயரைச் சொன்னதும் வாசிப்பவர் பக்கம் பிரிந்துவிடுவார். அப்புறம் புகார் எந்த மேசையில் கிடந்தது என்ற விஷயம் யார் காதிலும் ஏறாது.

பின்னணி

1900இல் தொழிற்சங்கங்களின் முயற்சியில் பிறந்த கட்சி இது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்து, லண்டன் கிழக்குப் பகுதியின் தையல் கூடங்களில் உழைத்த யூதர்களுக்கு இடதுசாரி அரசியல் சொந்த வீடு மாதிரி. யூதத் தொழிலாளர் இயக்கம் 1920 முதலே கட்சியோடு இணைந்த அமைப்பு. 1936 அக்டோபர் 4 அன்று கேபிள் தெருவில் பாசிஸ்டுகளின் ஊர்வலத்தை யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து மறித்ததைக் கட்சிக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். அன்று மக்களை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னவர்களில் தொழிற்கட்சித் தலைவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லும்போது விட்டுவிடுவார்கள்.

இந்தப் பெருமைதான் பின்னால் கண்ணை மறைத்தது. ‘வாழ்நாள் முழுக்க இனவெறியை எதிர்த்தவர்கள் நாங்கள், எங்களைப் பார்த்தா இப்படிக் கேட்கிறீர்கள்?’ என்ற பதில் அந்த ஆண்டுகளில் எத்தனையோ முறை வந்தது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராகத் தெருவில் நின்றவர்கள் அவர்களில் பலர். ஆனால் அவர்கள் பழகியிருந்த இனவெறி, பாதிக்கப்பட்டவரை மட்டமானவர், அறிவில்லாதவர், அழுக்கானவர் என்று சொல்வது. யூத வெறுப்போ எதிரியை வங்கி முதலாளி, பத்திரிகை முதலாளி, அரசுகளைப் பின்னாலிருந்து ஆட்டிவைப்பவர் என்று சொல்கிறது. முதலாளித்துவத்தை எதிர்ப்பவர் காதுக்கு அது தன் சொந்தப் பேச்சு மாதிரியே கேட்கும். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் சமூக ஜனநாயகவாதிகள் இதற்கு ‘முட்டாள்களின் சோசலிசம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆக, இது புது நோயில்லை.

2015 செப்டம்பரில், பல பத்தாண்டுகளாகப் பாலஸ்தீன மக்களுக்காகக் குரல் கொடுத்துவந்த, கட்சியின் இடது ஓரத்து உறுப்பினர் ஒருவர் 59.5 சதவீத வாக்கோடு தலைவரானார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 2 லட்சம் அளவில் இருந்த உறுப்பினர் எண்ணிக்கை சீக்கிரமே 5 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பெரும்பாலோர் சிக்கன நடவடிக்கைகளாலும் போர்களாலும் சலித்துப்போனவர்கள். ஒரு யூத வங்கிக் குடும்பம்தான் உலகை ஆட்டிவைக்கிறது என்று ஃபேஸ்புக் குழுக்களில் ஊறிய ‘ராத்ஸ்சைல்ட்’ கதைகளோடு வந்தவர்களும் ஒரு சிறு பங்கு இருந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவின் ஊழியர்களில் பலர் பழைய தலைமையின் காலத்தவர்கள். புதிய தலைவரின் வட்டம் அவர்களை நம்பவில்லை, அவர்களும் இவர்களை நம்பவில்லை.

2016 ஏப்ரல்: இரண்டு நாள், இரண்டு பேர்

ஏப்ரல் 27 அன்று பிராட்ஃபோர்டைச் சேர்ந்த பெண் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். எம்.பி. ஆவதற்கு முன், 2014 காசா போரின்போது, இஸ்ரேலை அப்படியே பெயர்த்து அமெரிக்காவுக்குள் வைத்துவிட்டால் தீர்வு கிடைக்கும் என்ற படத்தை அவர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்திருந்தார். இடைநீக்கத்தன்றே மக்களவையில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு யூத சமூகத்தினரை நேரில் சந்தித்துப் பேசினார். தான் எழுதியது யூத வெறுப்புதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஜூலையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

மறுநாள் 28ஆம் தேதி, முன்னாள் லண்டன் மேயர் ஒருவர் அவருக்கு வக்காலத்து வாங்க வானொலிக்குப் போனார். கட்சியின் தேசிய நிர்வாகக் குழுவில் அப்போது அவர் உறுப்பினர். பேச்சுவாக்கில், ஹிட்லர் முதலில் சியோனிசத்தை (பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் வேண்டும் என்ற இயக்கத்தை) ஆதரித்தார், பிறகுதான் பைத்தியம் பிடித்து 60 லட்சம் யூதர்களைக் கொன்றார் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அவர் மனதில் இருந்தது 1933 ஆகஸ்டில் கையெழுத்தான ஹாவரா ஒப்பந்தம். ஜெர்மன் யூதர்கள் தங்கள் சொத்தில் ஒரு பகுதியையாவது சரக்காக மாற்றிக்கொண்டு பாலஸ்தீனம் போக நாஜி அரசு விட்ட வழி அது. வீடு பற்றி எரியும்போது ஜன்னல் வழியாகக் குதித்தவனுக்கும் தீ வைத்தவனுக்கும் கூட்டு என்று சொல்வதற்குச் சமம் இது. அன்றே அவரும் இடைநீக்கம். ஆனால் சொன்னது யூத வெறுப்பு என்று அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கட்சியின் விசாரணை 2017 ஏப்ரல்வரை இழுத்து, இன்னும் ஓராண்டு இடைநீக்கத்தோடு முடிந்தது. 2018 மேயில் அவரே விலகிக்கொண்டார்.

எழுதியவர் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார், அவருக்காகப் பேசப் போனவர் ஒப்புக்கொள்ளவில்லை. கட்சிக்குள் ஆண்டுக்கணக்கில் நடந்த வாக்குவாதமோ இந்த இரண்டாமவரைச் சுற்றித்தான்.

முதல் முடிவு: ஓர் உள்விசாரணை

அடுத்த நாளே தலைவர் ஒரு விசாரணையை அறிவித்தார். மனித உரிமை வழக்கறிஞர் ஷமி சக்ரபர்த்தி நடத்தினார். ஜூன் 30 அன்று அறிக்கை வந்தது. கட்சி முழுக்க யூத வெறுப்பு பரவிவிடவில்லை, ஆனால் அவ்வப்போது நச்சுச் சூழல் நிலவுகிறது என்றது. ஹிட்லர், நாஜி ஒப்புமைகளை விடுங்கள், சியோனிஸ்ட் என்பதைச் சுருக்கிய ‘சியோ’ என்ற வசைச்சொல் வேண்டாம், விசாரணை நடைமுறையை ஒழுங்குபடுத்துங்கள் என்றது. நல்ல பரிந்துரைகள்தான்.

வெளியீட்டுக் கூட்டத்திலேயே ஒரு சம்பவம். யூத எம்.பி. ஒருவர் வலதுசாரிப் பத்திரிகையோடு கைகோத்து வேலை செய்கிறார் என்று ஒரு கட்சிச் செயல்பாட்டாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த எம்.பி. கண்ணீரோடு வெளியேறினார். அந்தச் செயல்பாட்டாளரைக் கட்சி நீக்கியது 2018 ஏப்ரலில். ஏறக்குறைய இரண்டு வருடம். இதற்கிடையில் அறிக்கை எழுதியவருக்கு 2016 ஆகஸ்டிலேயே பிரபுக்கள் சபையில் இடம் கிடைத்தது. அறிக்கையில் என்ன இருந்தாலும் அதன் நம்பகத்தன்மை அன்றோடு போனது.

2016 அக்டோபரில் நாடாளுமன்ற உள்துறைக் குழு ஒன்று சொன்னதை இரு தரப்பும் பாதி பாதியாகவே எடுத்துக்கொண்டன. மற்றக் கட்சிகளைவிடத் தொழிற்கட்சியில் யூத வெறுப்பு மனப்பான்மை அதிகம் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது குழு. தலைமை இதைக் கையாண்ட விதத்தையும் கடுமையாகக் குறை சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் சொற்பம்.

ஒரு சுவரோவியம்

2012இல் லண்டன் பிரிக் லேன் அருகே, ஹான்பரி தெருவில், ஓர் அமெரிக்க ஓவியர் பெரிய சுவரோவியம் வரைந்தார். நடுவில் மேசை போல ஒரு விளையாட்டுப் பலகை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆறு கோட்டுப் போட்ட கிழவர்கள், சிலருக்குத் தாடி, பெரிதாக வரைந்த மூக்கு. பலகையைத் தாங்கி நிற்பது குனிந்த நிர்வாண மனிதர்களின் முதுகு. பின்னால் பிரமிடும் அதன் உச்சியில் கண்ணும். ஓரத்தில் ஒருவர், புதிய உலக ஒழுங்கு மனிதகுலத்தின் எதிரி என்ற அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். இது வர்க்கத்தைப் பற்றியது, இனத்தைப் பற்றியதல்ல என்றார் ஓவியர். யூதர்கள் உலகை ஆட்டிவைப்பதாகச் சொல்லும் பழைய பிரசாரத்தை இது கிளறுகிறது என்று சொல்லி, அப்பகுதியின் மேயர் அழிக்கச் சொன்னார்.

ஓவியம் அழிக்கப்படப் போகிறது என்று ஓவியர் ஃபேஸ்புக்கில் புலம்பியபோது, ‘ஏன்?’ என்று கேட்டு, லெனின் முகம் இருந்ததற்காக மெக்சிகோ ஓவியர் டீகோ ரிவேராவின் சுவரோவியத்தை அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் அழித்ததை நினைவூட்டி ஆறுதல் சொன்னவர்களில் ஒருவர், அப்போது பின்வரிசை எம்.பி.யாக இருந்த, பிறகு தலைவரானவர்.

2018 மார்ச் 23 அன்று இது மறுபடி வெளியே வந்தது. படத்தைச் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், வருந்துகிறேன் என்றார் தலைவர். மூன்று நாள் கழித்து நாடாளுமன்றச் சதுக்கத்தில் யூத அமைப்புகளின் ஆர்ப்பாட்டம், ‘போதும், போதும்’ என்ற முழக்கத்தோடு.

அவர் யூதர்களை வெறுத்து அதை எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. முதலாளிகள் ஏழைகளின் முதுகில் சூதாடுகிறார்கள் என்ற படம், ஒரு இடதுசாரியின் கண்ணுக்குத் தினமும் பார்க்கும் போஸ்டர் மாதிரிதான் தெரிந்திருக்கும். கோளாறு இருந்ததும் அங்கேதான். அந்த மூக்கும் பிரமிடும் அவர் கண்ணில் படவேயில்லை.

புகார்கள் போன இடம்

வெளியே இவ்வளவு நடக்க, உள்ளே நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம். புகாரை உறுப்பினர்கள் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். புகாருக்கென்று வைத்திருந்த மின்னஞ்சல் பெட்டியைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் யாரும் கவனிக்கவில்லை. வந்தவற்றில் பெரும்பகுதியின் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. யார் எப்போது என்ன முடிவெடுத்தார் என்ற குறிப்பும் இல்லை.

2018 வசந்தத்தில் பொதுச்செயலாளர் மாறும் இடைவெளியில், சில புகார்கள் தலைவர் அலுவலகத்துக்குப் போய்வந்தன. இவரை இடைநீக்கம் செய்யலாமா, எச்சரிக்கை போதுமா என்று அங்கிருந்து கருத்து வந்தது. கருத்துக் கேட்டது யார் என்பதில் இன்றுவரை தகராறு. நீங்கள்தான் கேட்டு எழுதினீர்கள், உதவினோம் என்கிறது ஒரு தரப்பு. வேறு வழியில்லாமல் கேட்டோம் என்கிறது இன்னொன்று. அந்தச் சுவரோவியம் பற்றித் தலைவர் மேலேயே வந்த புகாரை விசாரிக்காமல் விடும் முடிவிலும் அவருடைய அலுவலக ஊழியர்கள் தலையிட்டார்கள்.

புதிய பொதுச்செயலாளர் வந்ததும் ஆள் சேர்த்தார், வேகம் கூடியது. 2019 பிப்ரவரியில் முதல்முறையாகக் கணக்கு வெளியிட்டார்: 2018 ஏப்ரல் முதல் 2019 ஜனவரி வரை உறுப்பினர்கள் மேல் 673 புகார்கள், உடனடி இடைநீக்கம் 96, கட்சி நீக்கம் 12. மொத்த உறுப்பினர்களில் இது ஏறத்தாழ 0.1 சதவீதம்தான் என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். கணக்கு சரி. ஆனால் புகார் கொடுத்துவிட்டு ஒன்றரை வருடமாகப் பதிலுக்குக் காத்திருப்பவருக்குச் சதவீதம் எதற்கு?

வரையறைச் சண்டை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தின்ற நேரத்துக்கு இதுவே அதிகம். நாஜிகளின் யூதப் படுகொலையை நினைவுகூரும் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி 2016இல் யூத வெறுப்புக்கு ஒரு வரையறையும் 11 உதாரணங்களும் கொடுத்திருந்தது. 2018 ஜூலையில் தொழிற்கட்சி வரையறையை எடுத்துக்கொண்டது, இஸ்ரேல் தொடர்பான நான்கு உதாரணங்களை மட்டும் விட்டோ மாற்றியோ எழுதியது. பாலஸ்தீனர் தங்கள் அனுபவத்தைச் சொல்வதே குற்றமாகிவிடும் என்பது காரணம். அந்தக் கவலை நியாயமானது. வரையறையை எழுதியதில் முக்கியப் பங்குள்ள அமெரிக்க வழக்கறிஞரே, இதைப் பேச்சுக் கட்டுப்பாடாகப் பயன்படுத்துவதை எதிர்த்திருக்கிறார். ஆனால் யூத அமைப்புகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசாமல் கட்சி தானே திருத்தியதுதான் வினையானது. ஜூலை 25 அன்று மூன்று யூத வாரப் பத்திரிகைகள் ஒரே முதல் பக்கத்தை அச்சிட்டன. செப்டம்பர் 4 அன்று கட்சி 11 உதாரணங்களையும் ஏற்றது, கருத்துச் சுதந்திரம் பற்றிய ஒரு குறிப்போடு. ஒரு கோடை காலம் முழுக்க வரையறையைப் பற்றியே பேசினார்கள். புகார்ப் பெட்டியைப் பற்றிய பேச்சு அதில் அமுங்கிப்போனது.

2019 பிப்ரவரி 18 அன்று ஏழு எம்.பி.க்கள் கட்சியைவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் லிவர்பூல் தொகுதி ஒன்றின் உறுப்பினரான யூதப் பெண். முந்தைய ஆண்டு, தன் தொகுதி இருக்கும் அதே ஊரில் நடந்த கட்சி மாநாட்டுக்குப் போலீஸ் பாதுகாப்போடு வந்தவர். மே 28 அன்று ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. டிசம்பரில் தேர்தல். 202 இடங்கள், 1935க்குப் பிறகு மிகக் குறைவு. தோல்விக்கு பிரெக்சிட் முதல் எத்தனையோ காரணங்கள் உண்டு, இதன் தலையில் மட்டும் போட முடியாது.

ஆணையம் கண்டது

ஆணையம் 70 புகார்க் கோப்புகளை எடுத்துப் படித்தது. 62இல் ஏதோ ஒரு ஆவணம் காணோம். 23 இடங்களில் அரசியல் தலையீடு. சட்டமீறல்கள் மூன்று: புகார்களில் அரசியல் தலையீடு, புகாரைக் கையாள்பவர்களுக்குப் போதிய பயிற்சி தராதது, கட்சியின் முகவர்கள் என்று சட்டம் கருதும் இருவர் மூலம் நடந்த துன்புறுத்தல். அந்த இருவரில் ஒருவர் மேலே சொன்ன முன்னாள் மேயர். மற்றவர் லங்காஷயரில் ஒரு கவுன்சிலர். புகார்கள் எல்லாம் போலி, அவதூறு என்று திரும்பத் திரும்பச் சொன்னதும் துன்புறுத்தலின் பகுதியாகவே பார்க்கப்பட்டது. அந்தக் கவுன்சிலர் 2018இல் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2020 பிப்ரவரியில்தான் நீக்கப்பட்டார்.

இந்த அறிக்கையில் பலர் தாண்டிப்போகும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, தலையீடு எல்லாமே ஆளைக் காப்பாற்ற நடந்ததில்லை. சிலரைச் சீக்கிரம் இடைநீக்கம் செய்யச் சொல்லியும் தலைவர் அலுவலகம் தள்ளியிருக்கிறது. அதுவும் தவறுதான் என்றது ஆணையம். முடிவு கடுமையானதா மென்மையானதா என்பதல்ல, விதியில் இல்லாத ஒருவர் கை உள்ளே போனது என்பதே குற்றம். இன்னொன்று, பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு இதே கட்சியிடம் நல்ல வழிகாட்டுதலும் பயிற்சியும் ஏற்கெனவே இருந்தன. எப்படிச் செய்வது என்று தெரியாமல் விட்டதாகச் சொல்ல முடியவில்லை.

இஸ்ரேல் அரசை விமர்சிப்பதும், கட்சிக்குள் யூத வெறுப்பு எவ்வளவு இருக்கிறது என்பது பற்றி உறுப்பினர் தன் அனுபவத்திலிருந்து கருத்துச் சொல்வதும் சட்டப் பாதுகாப்பு உள்ளவை என்றும் அதே அறிக்கை சொன்னது.

அதற்குப் பின்

ஆணையத்தின் அறிக்கை வந்த அன்றே, 2015இல் தேர்வாகி, தேர்தல் தோல்விக்குப் பின் பதவியை விட்டிருந்த முன்னாள் தலைவர் ஓர் அறிக்கை விட்டார். ஒரு யூத வெறுப்பாளர் இருந்தாலும் அதிகம், ஆனால் பிரச்சினையின் அளவை எதிரிகளும் ஊடகங்களும் அரசியலுக்காக ஊதிப் பெருக்கினார்கள் என்றார். சில மணி நேரத்தில் இடைநீக்கம். நவம்பர் 17 அன்று உள்குழு அவரைத் திரும்பச் சேர்த்தது. மறுநாள் புதிய தலைவர், அவர் நாடாளுமன்றக் கட்சியில் உட்கார முடியாது என்றார். இது சரியா தப்பா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். நான் கவனித்தது வேறு. தலைவர் அலுவலகம் தனி ஆள் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற அறிக்கையின் மை காயவில்லை, அதற்குள் ஒரு தனி ஆள் விவகாரத்தின் முடிவு தலைவர் கைக்குப் போய்விட்டது. கொறடாவின் அதிகாரம் வேறு, ஒழுங்குக் குழுவின் அதிகாரம் வேறு என்று சட்டப்படி வாதிக்கலாம்தான்.

டிசம்பரில் கட்சி ஒரு செயல்திட்டம் கொடுத்தது. 2021 செப்டம்பரில் பிரைட்டன் மாநாடு, புகார் முடிவுகளைச் சுயேச்சையானவர்கள் மேற்பார்க்கும் முறைக்கு ஒப்புதல் அளித்தது. பயிற்சி தொடங்கியது. 2022 ஜூலையில் மார்ட்டின் ஃபோர்ட் என்ற வழக்கறிஞரின் தனி அறிக்கை, இரண்டு கோஷ்டிகளுமே யூத வெறுப்பை ஒருவரையொருவர் அடிக்கும் ஆயுதமாக்கிக்கொண்டன என்றது. கறுப்பின, ஆசிய உறுப்பினர்கள் தங்கள் மீதான இனவெறி இரண்டாம் தரமாக நடத்தப்படுவதாக உணர்கிறார்கள் என்பதையும் பதிவு செய்தது. அந்த ஆண்டுகளில் இடதுசாரி யூத உறுப்பினர்கள் சிலரும் யூத வெறுப்புப் புகாரில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானார்கள். ஆணையம் 2023 பிப்ரவரி 15 அன்று கண்காணிப்பை முடித்துக்கொண்டது.

எதை மாற்றியிருக்கலாம்

2016 கோடையிலேயே, சக்ரபர்த்தி அறிக்கை கையில் இருக்கும்போதே, புகார் முடிவுகளைக் கட்சிக்கு வெளியே உள்ளவர்களிடம் கொடுத்திருக்கலாம். இரண்டு கோஷ்டியும் ஒன்றையொன்று நம்பாத வீட்டில் மூன்றாமவர் ஒருவர்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். கட்சி அதைச் செய்ய ஐந்து வருடம் எடுத்துக்கொண்டது.

அந்தச் சுவரோவியத்தை உறுப்பினர் பயிற்சியில் திரையில் போட்டு, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டிருக்கலாம். ஆளைக் கண்டிப்பதற்காக அல்ல, கண்ணைப் பழக்குவதற்காக. நம் பக்கத்திலும் இது தேவை. தமிழில் இஸ்ரேல் அரசைத் திட்ட வேண்டிய இடத்தில் ‘யூதர்கள்’ என்றே எழுதிவிட்டு, யாரும் கவனிக்காமல் அச்சுக்கும் போய்விடும். பாலஸ்தீனர் பக்கம் நிற்கும் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது வரைவைத் திரும்பப் படிக்கும்போது அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்து மாற்றுகிறேன்.

மூன்றாவது, அந்த பிராட்ஃபோர்டு எம்.பி. விஷயத்தில் நடந்ததைக் கட்சி கவனித்திருக்க வேண்டும். புகார், இடைநீக்கம், ஒப்புதல், மன்னிப்பு, நேரில் சந்திப்பு, திரும்பச் சேர்ப்பு: ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடிந்தது. மூன்று மாதத்துக்குள். அதற்கு எந்தப் புது விதியும் தேவைப்படவில்லை.